தீவுக்கு வர நல்ல மாதம்

ஹேவ்லாக் தீவு, அந்தமான்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தேவகிக்கு,

வசந்த் எழுதுவது. நான் இங்கே நலம். நீயும் ரித்திகாவும் நலமா? முழுப்பரீட்சைக்குப் படிக்கிறாளா, இல்லை போனும் கையுமாகவே உட்கார்ந்திருக்கிறாளா?

போன கடிதத்தில் நீ ஒரே ஒரு வரிதான் உருப்படியாக எழுதியிருந்தாய். "எந்த மாதம் வந்தால் நல்லது என்று சொல்லுங்கள், யோசிக்கிறேன்." ஒரு வருஷமாக நான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், யோசிக்கிறேன் என்று நீ சொன்னது இதுதான் முதல் தடவை. நான் வேலை பார்க்கிற கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரரிடம்கூடக் காட்டிவிட்டேன். ஒரு வரிக்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவர் சிரிக்கிறார். அவருக்கு உன்னைத் தெரியாது.

சரி, விவரமாக எழுதுகிறேன். மே மாதக் கடைசியில் இங்கே மழை பிடிக்கும். பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. ஜூன், ஜூலை இரண்டும் ரொம்ப மோசம். அலை ஆள் உயரத்துக்கு எழும்பும், போர்ட் பிளேருக்குப் போகும் படகை நாள் கணக்கில் நிறுத்திவிடுவார்கள். அக்டோபர், நவம்பரில் புயல் பயம். டிசம்பரில் கூட்டம், ரூம் கிடைக்காது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் முடிய இருக்கிற நாலு மாதம்தான் நல்ல மாதம். அதிலும் இப்போது கடலைப் பார்த்தால் கடல் என்றே சொல்ல மாட்டாய். தட்டில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கிறது. நேற்று காலை இடுப்பளவு தண்ணீரில் நின்றேன், கால் விரல் தெரிந்தது. பாலாற்றில் மணலைத் தவிர எதையும் பார்க்காத நம் பெண்ணுக்கு இதைக் காட்ட வேண்டும்.

அதனால் ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்ததும் கிளம்பி வாருங்கள். பத்து நாள் இருந்து பாருங்கள். பிடித்துப்போனால் இங்கேயே இருந்துவிடலாம். ஆறாவது படிக்கிற பெண்ணுக்கு எந்தப் பள்ளிக்கூடமாக இருந்தால் என்ன? கெஸ்ட் ஹவுஸ் முதலாளி நம் தோல் டேனரி மேனேஜரின் மச்சான்தானே, உனக்கும் ஒரு வேலை போட்டுத் தருகிறேன் என்கிறார்.

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறேன் என்று இனியும் கோபித்துக்கொள்ளாதே. கேஸ் முடிகிற வரைக்கும் போனில் எதையும் பேசாதே, எல்லாம் ரெக்கார்டு ஆகும் என்று மேனேஜர் திட்டமாகச் சொல்லியிருக்கிறார். சௌந்தரம் அக்காவிடமும் நம் விஷயம் எதையும் பேசாதே.

பதில் உடனே போடு.

இப்படிக்கு,
உன் அன்புக் கணவன்
வசந்த்


துத்திப்பட்டு, ஆம்பூர்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமா,

தேவகி எழுதுகிறேன். நானும் குழந்தையும் சுகம். அவள் படிக்கிறாள், போனும் பார்க்கிறாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதற்குப் பெயர்தான் படிப்பாம்.

உங்கள் மாதக் கணக்கைப் படித்தேன். பஞ்சாங்கம் போடுகிறவர்கள்கூட இவ்வளவு சுத்தமாக எழுத மாட்டார்கள். ஆனால் ஒரு இடத்தில் எனக்குக் குழப்பம் வந்துவிட்டது, அதை நீங்கள்தான் தீர்த்து வைக்க வேண்டும்.

சௌந்தரம் அக்காவிடம் பேசாதே என்கிறீர்கள். ஷூ கம்பெனியில் அவர் எனக்கு எதிர் மெஷின். காலை ஏழு மணிக்கு ஒரே பஸ், சாயங்காலம் அதே பஸ். பேசாமல் எப்படி இருப்பது? சொல்லப்போனால், அவர்தான் பேசுவதில்லை. அவர் வீட்டுக்காரர் பச்சையப்பன் அண்ணன் டேனரி கழிவுத் தொட்டியில் செத்துப்போனதிலிருந்து என் முகத்தைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. உங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில்தானே "குடித்துவிட்டுத் தானாகவே இறங்கினான்" என்று இருக்கிறது.

அப்படிப்பட்டவர் போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் நேராக என்னிடம் வந்தார். வேலூர் தொழிலாளர் அலுவலகத்தில் பன்னிரண்டாம் தேதி அவருடைய நஷ்டஈட்டுக் கேஸ் வந்ததாம். டேனரி கம்பெனி வக்கீல் எழுந்து, சூப்பர்வைசர் வசந்த் அந்தமானில் இருக்கிறார், அங்கே கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, பத்து நாளாகக் கப்பலும் இல்லை படகும் இல்லை, அவரால் வர முடியவில்லை என்று சொன்னாராம். அதிகாரியும் ஏப்ரல் இருபத்து மூன்றுக்குத் தள்ளி வைத்துவிட்டார்.

"இன்னா தேவகி, உன் வீட்டுக்காரரு இருக்கற ஊர்ல அவ்ளோ புயலா? நல்லா கீறாரா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை மாமா. நிஜமாகவே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய்க் கேட்டார். உங்கள் காகிதத்தால் ஊரில் தலைகுனிந்து நடக்கிறவர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம் வந்திருக்கிறது. ஒன்பதாம் தேதி எழுதியது. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடக்கிறது, கால் விரல் தெரிகிறது.

எது பொய் மாமா? எனக்கு எழுதியதா, அதிகாரிக்குச் சொன்னதா? உங்களுக்கே தெரியாமல் வக்கீல் சொல்லியிருந்தால் அதையாவது எழுதுங்கள், நிம்மதியாகத் தூங்குவேன். ஏப்ரலும் நல்ல மாதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இருபத்து மூன்றாம் தேதிக்கு நீங்கள் இங்கே வரலாமே? வந்து சாட்சி சொல்லிவிட்டு, எங்களையும் கையோடு அழைத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மனைவி
தேவகி


ஹேவ்லாக் தீவு
10 மார்ச் 2025

அன்புள்ள தேவகிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எப்போது வக்கீலுக்குப் படித்தாய்? ஒரு மனிதன் ஆசையாகப் பெண்டாட்டி பிள்ளையைக் கூப்பிட்டு எழுதினால், அதில் தேதியைப் பார்த்து, கடலைப் பார்த்து, கேள்வி கேட்கிறாய்.

கடல் ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கும், இன்னொரு நாள் வேறு மாதிரி இருக்கும். வக்கீல் என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. வேலூரில் இருக்கிற அதிகாரி கடலைப் பார்த்தாரா, வக்கீல் பார்த்தாரா? விடு.

ஏப்ரலில் நான் வர முடியாது. சீசன் நேரம், எல்லா ரூமும் நிறைந்திருக்கிறது. ஒரு நாள் லீவு கேட்டாலும் முதலாளி பேஜார் ஆகிறார். நீங்கள் வாருங்கள், அதுதான் சரி.

உனக்கு ஒன்று புரியவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை நானே மாற்றிச் சொன்னால் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது. என்னைத்தான் பிடிப்பார்கள். தொட்டிக்கு மேலே நின்றவன் நான். மேனேஜர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று அவரிடம் காகிதம் இருக்கிறது. ரித்திகாவின் அப்பா ஜெயிலில் இருக்கிறார் என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொன்னால் உனக்குச் சம்மதமா? அவளுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்து தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு மட்டும் ஊர் நினைப்பு இல்லையா? ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிரியாணி நினைப்பு வந்து சாப்பாடு இறங்குவதில்லை.

அடுத்த கடிதத்தில் வருகிறேன் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

வசந்த்


துத்திப்பட்டு, ஆம்பூர்
25 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

வருகிறேன்.

நீங்கள் கேட்டதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். பத்து நாள் லீவும் சொல்லிவிட்டேன். லைன் சூப்பர்வைசர் ஹெலன் முகத்தைத் தூக்கிக்கொண்டாள், மே மாதம் ஏற்றுமதி இருக்கிறதாம். இருக்கட்டும். ரித்திகா இப்போதே நீச்சல் உடை வேண்டும் என்கிறாள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கப் போகிறாள், பாருங்கள்.

ஆனால் வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். ஒன்றே ஒன்றுதான். பச்சையப்பன் அண்ணன் அன்றைக்குக் குடித்திருந்தாரா?

ஏன் கேட்கிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை சௌந்தரம் அக்காவின் நாத்தனார் வீட்டில் மஞ்சள் நீராட்டு. பந்தியில் ஒரு பெரிய மனிதர், அவர் பெயர் வேண்டாம், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "குடிக்காம இருந்திருந்தா இந்நேரம் தாய்மாமனா முன்ன நின்னு சீர் வெச்சிருப்பான்" என்றார். அக்கா சாம்பார் வாளியோடு நின்றிருந்தார். வாளியைக் கீழே வைத்தார். வெளியே போய்விட்டார். நானும் பின்னாடியே போனேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் என்னைத் துரத்தவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

பஸ் வருவதற்குள் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பணம் குடுத்தாலும் சரி, குடுக்காங்காட்டியும் சரி தேவகி. அந்த ஒரு வார்த்தைய எடுக்கச் சொல்லு. பதினாறு வருசம் அவரோட வாழ்ந்தேன், வாடை எனக்குத் தெரியாதா?"

இந்த ஒன்றரை வருஷமாக நான் உங்களை நம்பினேன். யார் கேட்டாலும், என் வீட்டுக்காரர் பொய் எழுத மாட்டார் என்று சண்டைக்குப் போயிருக்கிறேன். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. அது எனக்கே அவமானமாக இருந்தது.

எனக்கு மட்டும் எழுதுங்கள். குடித்திருந்தார், இல்லை, இரண்டில் எதுவாக இருந்தாலும் சரி. பொய்யைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு உங்களோடு என்னால் குடும்பம் நடத்த முடியாது, அது தீவாக இருந்தாலும் சரி, துத்திப்பட்டாக இருந்தாலும் சரி.

உங்கள்
தேவகி


ஹேவ்லாக் தீவு
7 ஏப்ரல் 2025

என் தேவகிக்கு,

வருகிறேன் என்று எழுதினாய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. சத்தியமாகப் போட வேண்டும்.

அவர் குடிக்கவில்லை.

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை வெளிநாட்டிலிருந்து ஆட்கள் சோதனைக்கு வருகிறார்கள், தொட்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் சொன்னார்கள். தொட்டி மூடியை முந்தின நாளே திறந்து, இரவு முழுக்கக் காற்று அடிக்கிற மெஷினை ஓட விட்டு, மறுநாள்தான் ஆள் இறங்க வேண்டும். அதுதான் விதி. மெஷின் பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. சனிக்கிழமை காலை ஏழரைக்கு மேனேஜர் போன் பண்ணி, பத்து மணிக்குள் முடித்துவிடு என்றார். ஏழே முக்காலுக்கு மூடியைத் திறந்தோம்.

திறந்ததும் அழுகின முட்டை வாடை குப்பென்று அடித்தது. பச்சையப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், வாடை ஜாஸ்தியா கீது, மத்தியானமா எறங்கறேன்" என்றார். சரி என்று இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே போய் டீ குடித்தோம். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு பன்னும் சாப்பிட்டார். பெண்ணை டிப்ளமோ சேர்ப்பதா, நர்சிங் சேர்ப்பதா என்று பேசிக்கொண்டே வந்தார். திரும்பி வந்து இரண்டு பேரும் தொட்டி வாயில் நன்றாகக் குனிந்து முகர்ந்து பார்த்தோம். முதலில் லேசாக அடித்தது. கொஞ்ச நேரத்தில் சுத்தமாக வாடையே இல்லை. டேனரியில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். வாடை போனால் விஷவாயு போய்விட்டது என்று கணக்கு. பன்னிரண்டு வருஷமாக நானும் அப்படித்தான் ஆட்களை இறக்கினேன், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

"வாடையே இல்லியே, எறங்கு. நான் மேல தான இருக்கேன்" என்று சொன்னது நான்தான்.

ஏணியின் நாலாவது படியில் கையை விட்டுவிட்டார். என்னைக் கூப்பிடக்கூட இல்லை. கயிறு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு ஓடினேன். நானும் இறங்கியிருப்பேன், ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று உன்னிடம் அழுதேன் அல்லவா? அது பொய். யாரும் பிடிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர்தான் சொன்னார். அந்த வாயு அதிகமாக இருந்தால் மூக்கு செத்துவிடுமாம். வாடை போகவில்லை தேவகி, எங்கள் மூக்குதான் போயிருந்தது. அதைக் கேட்டுவிட்டு வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் மேனேஜர் காகிதத்தை நீட்டினார். இதில் கையெழுத்துப் போட்டால் நீ தப்பிப்பாய், இல்லாவிட்டால் கொலைக் கேஸ் என்றார். போட்டேன். படித்துப் பார்த்துத்தான் போட்டேன்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஏப்ரல் 26 சனிக்கிழமை காலை விமானத்துக்கு உங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன். போர்ட் பிளேரில் வெளியே வரும்போது நான் நிற்பேன். இரண்டரை மணி நேரம் படகு. கடல் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது, மே பாதி வரை பயமில்லை. ரித்திகாவுக்குத் தொப்பி எடுத்து வை. ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ வாங்கி வா.

உன்
வசந்த்


துத்திப்பட்டு, ஆம்பூர்
24 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமா,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது சனிக்கிழமை போயிருக்கும். விமான நிலைய வாசலில் நீங்கள் நின்று நின்று பார்த்திருப்பீர்கள். சௌந்தரம் அக்காவுக்காக வாதாடுகிற ஹுமேரா வக்கீல் போனில் சொல்லிவிடலாம் என்றார். என் வாயால் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. என்னை மன்னியுங்கள்.

எரிக்கச் சொன்னீர்கள். அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு சௌந்தரம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்குப் படிக்கக் கண்ணாடி இல்லை, நான்தான் வாசித்தேன். நாலாவது படி என்ற இடத்தில் என்னால் முடியவில்லை. அவர் அழவில்லை. "டீ குடிச்சாரா?" என்று கேட்டார். ஆமாம், பன்னும் சாப்பிட்டார் என்றேன். "அப்ப வெறும் வயித்தோட போவல" என்றார். பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாரே, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத நீ குடுப்பியா?" என்று கேட்டார். வற்புறுத்தவில்லை மாமா. என் வீட்டுக்காரருடைய கடிதம், கொடுப்பதும் கொடுக்காததும் என் இஷ்டம் என்ற மாதிரிதான் கேட்டார்.

நேற்று வேலூரில் ஹுமேரா வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு கடிதமும். கடல் எண்ணெய் மாதிரி இருக்கிறது என்று எழுதியதும், இதுவும்.

கம்பெனி வக்கீல் நேற்றும் கடலைத்தான் ஆரம்பித்தார். ஹுமேரா வக்கீல் எழுந்து, பிப்ரவரியில் கடல் எப்படி இருந்தது என்று சாட்சியே கைப்பட எழுதியிருக்கிறார் என்று இரண்டையும் நீட்டினார். அதிகாரி படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது உங்க வீட்டுக்காரர் கையெழுத்துதானாம்மா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். "இதனால அவருக்கு என்ன ஆவும்னு தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். தெரிந்துதான் சொன்னேன் மாமா. பக்கத்தில் சௌந்தரம் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கம்பெனி வக்கீல் விடவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு எழுதிய கடிதம் சாட்சி ஆகாது என்று கத்தினார். அதில் பாதி உண்மைதானாம். கடிதத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது, எழுதியவரே நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். உங்கள் பெயருக்கு சம்மன் வரும். ஹேவ்லாக் விலாசத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

வருகிறேன் என்று ஆசை காட்டி உங்களிடம் உண்மையை வாங்கினேன் என்று நினைப்பீர்கள். அதை எழுதும்போது நிஜமாகவே வருவதாகத்தான் இருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் முடியவில்லை. நீங்கள் இறங்கு என்று சொன்னதற்காக இல்லை. அது தெரியாமல் செய்தது. எல்லோரும் செய்கிறதைத்தான் நீங்களும் செய்தீர்கள். பயந்து நின்றீர்களே, அதற்காகவும் இல்லை. நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிதான். செத்தவர் வாயில் சாராயத்தை ஊற்றிவிட்டு வந்திருக்கிறீர்கள். அதை எடுக்க உங்களால் மட்டும்தான் முடியும். இல்லாவிட்டால் அந்தத் தீவு எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அங்கே ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது.

ரித்திகாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அப்பாவ ஜெயில்ல பாக்க வுடுவாங்களா?" என்று கேட்டாள். விடுவார்கள், நானே கூட்டிக்கொண்டு போவேன் என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். எத்தனை வருஷம் ஆனாலும் போய்ப் பார்ப்போம். அதற்கெல்லாம் நாங்கள் தயார்.

அடுத்த தேதி ஜூன் பதினெட்டு. மோசமான மாதம் என்று எனக்குத் தெரியும், நீங்கள் எழுதியதைப் படித்தவள்தானே. படகு நிற்கும், அலை ஆள் உயரம் எழும்பும், எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். மே மாதமே கிளம்பி வந்துவிட்டால் ரொம்ப நல்லது. சம்மனைக் காட்டிப் போலீஸ் கூட்டி வருவதற்கு முன்னால், நீங்களாக வரவேண்டும் என்பதுதான் என் ஆசை.

மேனேஜரிடம் சொல்லிவிட்டு வராதீர்கள். விட மாட்டார்.

வந்ததும் நம் வீட்டுக்கு வராதீர்கள். பஸ் நிறுத்தத்தில் இறங்கி நேராகச் சௌந்தரம் அக்கா வீட்டுக்குப் போங்கள். எனக்கு எழுதியதை அவர் எதிரில் நின்று உங்கள் வாயால் சொல்லுங்கள். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார், வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். எந்நேரம் ஆனாலும் சாப்பாடு எடுத்து வைத்திருப்பேன்.

உங்கள்
தேவகி